மெத்தைநாச்சி குளிக்கப் போனாள்

ஷாம்பூ வாசனையா அக்கா? ஆமாம், என் தலைதான். கோபமெல்லாம் இல்லை, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டீர்கள். ஆனால் இன்றைக்கு இதைக் கேட்கும் முதல் ஆள் நீங்கள் இல்லை. ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடட்டுமா? காற்றில் போகும். போகாது என்றுதான் நினைக்கிறேன்.

நான் மதுரைக்குப் போகிறேன். நீங்கள்? அருப்புக்கோட்டையா. அப்படியானால் நேரம் இருக்கிறது. உங்களிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் கேட்டால்தான் சரியாக வரும். தெரிந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். என் பக்கம் இல்லை.

என் பெயர் நிறைமதி. சொந்த ஊர் கோயம்புத்தூர். மதுரையில் விடுதியில் தங்கி அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். என் தோழி ஒருத்தியைப் பார்க்க இந்தப் பக்கம் வந்தேன். தோழி என்று இன்னும் சொல்லலாமா என்று தெரியவில்லை. முத்துப்பேச்சி. பேச்சி என்போம். சாயல்குடிக்கு உள்ளே தள்ளி அவள் ஊர். எங்களுக்குள் சண்டை. எதற்கு என்றால் ஒரு விளையாட்டுக்கு. சிரியுங்கள், பரவாயில்லை. எங்கள் வார்டனும் சிரித்தார்.

சனிக்கிழமை மதியம், நூலகத்துக்குப் பின்னால் பழைய வரைபட அறையில், கால் உடைந்த டேபிள் டென்னிஸ் மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்காருவோம். ஒருவர் கதை நடத்துவார். அது நான். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். சாகுல் திருடன். டெய்சி வாள்வீராங்கனை. "எதிரே பூட்டிய கதவு. உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று நான் கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டுவோம். இல்லை அக்கா, காசு வைப்பதில்லை. ஜெயிப்பது தோற்பதுகூடக் கிடையாது. கதை நகரும், அவ்வளவுதான். ஜூனிலிருந்து ஒரே கதை. ஏழாற்று நாடு என்று பெயர். மலை, கடல், பூதம், வரி வசூல் எல்லாம் உண்டு. வரி வசூலை நான்தான் சேர்த்தேன்.

கதை நடத்துகிறவருக்கு ஒரு நெறி வேண்டும் அக்கா. நிறைய பேர் சர்வாதிகாரி மாதிரி நடத்துவார்கள். அங்கே போகாதே, இதைத் தொடாதே, முடியாது. என் மேசையில் 'முடியாது' என்ற சொல்லே இல்லை. யார் எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்பேன். அதை விட்டால் 'ஆமாம், ஆனால்' என்பேன். ஆமாம், பூட்டு திறந்துவிட்டது, ஆனால் சத்தத்தில் காவலாளி எழுந்துவிட்டான். அந்த மாதிரி. ஜனநாயகம் என்றால் இதுதான் என்று ஜூனியர் பிள்ளைகளுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். இன்னொரு சட்டமும் உண்டு. ஒருவர் வராத நாளில் அவருடைய பாத்திரத்தை யாரும் தொடக் கூடாது. அடிக்கக் கூடாது, சிறையில் போடக் கூடாது, கொல்லவே கூடாது. ஆள் இல்லாமல் தீர்ப்பு இல்லை. எவ்வளவு நியாயமான சட்டம் பாருங்கள்.

பேச்சி கணிதத் துறை. விடுதியில் எனக்கு அடுத்த அறை. முதல் நாள், "நீ யாரா இருக்கப்போறே?" என்று கேட்டேன்.

"ராணி."

"எப்படிப்பட்ட ராணி? நாட்டைப் பறிகொடுத்த ராணியா, படை நடத்துற ராணியா?"

"சும்மா இருக்குற ராணி."

"பேரு?"

"மெத்தைநாச்சி."

சாகுல் நாற்காலியோடு சாய்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே வாதாடினேன். அரசாட்சி என்பதே ஊரார் உழைப்பைத் திருடுவது, அதை ஒரு பெண் ஏன் ஆசையாகக் கேட்டு வாங்க வேண்டும் என்றேன். அவள், "திருடனே ஒருத்தன் உக்காந்திருக்கான், ராணி இருந்தா ஆகாதா?" என்றாள். என் நெறிப்படி 'முடியாது' என்று சொல்ல முடியாதே. ஆமாம் என்றேன்.

கதை தொடங்குகிறது. கோட்டைக்கு வெளியே எதிரிப் படை, வடக்குக் கோபுரம் எரிகிறது. சாகுல் கூரைமேல் ஓடுகிறான். டெய்சி வாளை உருவுகிறாள். நான் பேச்சியிடம் திரும்பி, "மெத்தைநாச்சி என்ன செய்யிறா?" என்றேன்.

"குளிக்கப் போறா."

"கோட்டை எரியுது பேச்சி."

"எரியட்டும். அணைக்கத்தான் இம்புட்டுப் பேரு இருக்கீங்கள்ல. பெரிய தொட்டி. கழுத்து வரைக்கும் தண்ணி. உப்புத் தண்ணி இல்ல, நல்ல தண்ணி. கதவச் சாத்திட்டு உள்ள எறங்குறா. யாரும் வந்து தட்டக் கூடாது."

நான், "ஆமாம், தொட்டி நிறையத் தண்ணி. ஆனா அந்தத் தண்ணிய நாப்பது பொண்ணுங்க இடுப்புல சுமந்து கொண்டுவந்து ஊத்தியிருக்காங்க. கதவுக்கு வெளியே உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டிருக்காங்க" என்றேன்.

நல்ல இடம் இல்லையா அக்கா? எனக்கே புல்லரித்தது. உழைப்பைக் கண்ணுக்குத் தெரியவைப்பதுதானே கதையின் வேலை. பேச்சி, "அவங்களுக்குச் சம்பளத்தக் கூட்டிக் குடுக்கச் சொல்லு" என்றாள்.

"ஆமாம், உத்தரவு போட்டாச்சு. ஆனா கஜானா காலி."

"காலி பண்ணுனது யாரு?"

"நாந்தான்" என்றான் சாகுல். கூரைமேல் ஓடியதே அதை அடித்துக்கொண்டுதான்.

எல்லோரும் சிரித்தோம். பேச்சியும் சிரித்தாள். சிரித்தாள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, பின்னால் வேண்டியிருக்கும். நான் அவளை வதைத்தேன் என்று இப்போது பேசுகிறார்கள்.

அதன் பிறகும் அவள் மாறவில்லை. எத்தனையோ சாகசம் இருக்கிறது. கடல் கடந்து போகலாம், பூதத்தோடு பேசலாம். மெத்தைநாச்சிக்கு ஒன்றும் வேண்டாம். மத்தியானம் தூங்குவாள். வெந்நீர் கேட்பாள். தலைக்குச் சாம்பிராணி போடச் சொல்வாள். நான் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக 'ஆமாம், ஆனால்' சொல்லி அவளுக்கு உலகத்தைக் காட்டிக்கொண்டே வந்தேன். ஆமாம், வெந்நீர் வந்தது, ஆனால் விறகு வெட்டியவனுக்குக் காய்ச்சல். ஆமாம், தூங்குகிறாள், ஆனால் விசிறுகிற பெண்ணுக்குக் கை மரத்துவிட்டது. படித்த பெண், தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊரிலிருந்து வருகிறவள், அவளுக்குத் தெரியாதா தண்ணீரின் அருமை? மற்றவர்களைவிட அவளுக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும். நான் கேட்பது இதைத்தான்.

ஆமாம் அக்கா, தெரியும். அவள் ஊரில் தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். விடுதிக்கு வந்த புதிதில் காலையில் குளியலறைக்குள் போனால் வெளியே வரவே மாட்டாள். நாங்கள் வரிசையில் நின்று கதவைத் தட்டுவோம். நான் விடுதிக் குழுவில் இருக்கிறேன். ஆளுக்கு இரண்டு வாளி என்று கதவில் அறிவிப்பு ஒட்டினேன். யார் பெயரையும் போடவில்லை. அவள் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "எங்க ஊருல தலைக்குக் குளிக்கணும்னா அது ஒரு நாள் வேலை, நிறை. இங்க குழாயத் திருகுனா கொட்டுது, எனக்கு மூடவே மனசு வர மாட்டேங்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கிப்போயிருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். "சரி" என்றாள். அன்றிலிருந்து இரண்டே வாளி. நம்பாவிட்டால் விடுதியில் யாரையும் கேளுங்கள்.

போன மாதம் கதையில் புரட்சி வந்தது. நான் கொண்டுவரவில்லை. தானாக அந்த இடத்துக்கு வந்து நின்றது. சரி, நான்தான் கொண்டுவந்தேன். மக்கள் மன்றம் கூடுகிறது. மெத்தைநாச்சியைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அந்த நாற்பது பெண்களில் ஒருத்தியாக நானே எழுந்து பேசினேன். பத்து நிமிடம் விடாமல் பேசியிருப்பேன். என் குரல் உடைந்தது அக்கா. டெய்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தீர்ப்பு: இனி ஒரு வருடத்துக்கு மெத்தைநாச்சி தன் அரண்மனைக்குத் தானே தண்ணீர் சுமக்க வேண்டும். டெய்சி கை தட்டினாள்.

பேச்சி, "எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு மைல்."

"குடமா, தள்ளுவண்டியா?"

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். "குடம்" என்றேன்.

"எல்லாத்துக்கும் ஒரு 'ஆனா' போடுவியே. இதுக்கு மட்டும் இல்லியா?"

"தண்டனைக்கு ஏது ஆனா?" என்றேன். நல்ல பதில் என்று அப்போது தோன்றியது. "சரி" என்று சொல்லிப் பகடையைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. தேர்வு முடிந்த கையோடு ஊருக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ஒரு செய்தி: 'மெத்தைநாச்சியக் கொன்னுரு. ஆள் இல்லாமக் கொல்லக் கூடாதுன்னு சட்டம் வச்சிருக்கேல்ல, அதான் நானே சொல்றேன். நான் இனி வரல.'

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். விவாதத்திலிருந்து ஓடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கேண்டீனில் சாகுலிடம் கத்தினேன். அவன் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "நான் திருடினதால யாரு கஷ்டப்பட்டாங்கன்னு நீ எனக்கு ஒரு தடவகூட ஆனா போட்டதில்ல, நிறை" என்றான்.

"நீ ஏழைகளுக்காகத் திருடுறே."

"சந்தையில கண்ணு தெரியாத பாடகனோட தட்டுலேர்ந்து அடிச்சேன். ஆமாம்னே. என்ன பாட்டு பாடினான்னுகூட அழகாச் சொன்னே."

"நான் ஒரு கிராமத்தையே கொளுத்தினேன்" என்றாள் டெய்சி. "ஆமாம், தீ வானத்தைத் தொட்டுச்சுன்னு சொன்னே. யாரு செத்தாங்கன்னு நீ சொல்லவே இல்ல."

பகடை நன்றாக விழுந்தது என்றேன். அது உண்மைதான். வேறென்ன சொல்வது? சாகுல் தன் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனான். பேச்சி வராமல் கதை நகராது என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். நான் ஆசையாகக் கட்டிய நாடு அக்கா. அதைவிட, என்னைச் சரியில்லாதவள் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி தன் ஊரில் உட்கார்ந்திருக்கிறாள், அதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் இன்று அதிகாலை பஸ் ஏறினேன். சொல்லாமல் கொள்ளாமல். வரும் வழியெல்லாம் வாதத்தைத் தயார் செய்தேன். மெத்தைநாச்சி தானாக முடி துறந்து மக்களோடு சேரட்டும், தண்டனையை ரத்து செய்கிறேன். நல்ல சமரசம் இல்லையா?

வீட்டில் அவள் அம்மா மட்டும் இருந்தார். கூட்டமாக வந்த பஸ், வெயில், நான் வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றேன். "பேச்சியோட படிக்கிற புள்ளையா? இந்த வெயில்ல வந்திருக்கியே தாயி. அவ இப்ப வந்துருவா. பின்னால தண்ணி இருக்கு, மேலுக்கு ஊத்திக்க" என்றார். புதுத் துண்டு எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் ஓலைத் தட்டி மறைப்பு. ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் முகத்தைக் கழுவினேன், கண் எரிந்தது, உதட்டில் உப்பு. பக்கத்தில், மறைப்பை ஒட்டி, மூடி போட்ட நீல டிரம். திறந்தேன். நல்ல தண்ணீர்.

பஸ்ஸில் போட்ட வாதம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது அக்கா. அவள் இதைச் சொன்னால் நான் அதைச் சொல்வேன் என்று. மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே பேசினேன். பையில் ஷாம்பூ இருந்தது. தலைக்கே குளித்தேன். நுரை போக வேண்டாமா. செம்பு டிரம்மின் அடியில் தட்டியபோதுதான் நிறுத்தினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வாதத்தில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் பேச்சி வாசலில் நிற்கிறாள். "அட, நீயா" என்றாள். முகம் மலர்ந்ததுபோலத்தான் இருந்தது. நான் விடவில்லை. உடனே தொடங்கிவிட்டேன். முடியாட்சி, மக்கள் மன்றம், முடி துறப்பு. அவள் அம்மா உலைக்குத் தண்ணீர் எடுக்க டிரம்மைத் திறந்தார். பார்த்தார். மெல்ல மூடினார். ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். பேச்சி டிரம்மைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், அருகில் வந்து முகர்ந்தாள்.

"நல்ல வாசனையா இருக்கே. கழுத்து வரைக்கும் கிடைச்சுச்சா?"

நான் பேசிக்கொண்டே இருந்தேன் அக்கா. அதைச் சொல்லத்தான் நா கூசுகிறது. கேட்ட பிறகும் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன். அவள் சுவரோரம் சாய்த்து வைத்த தள்ளுவண்டியை எடுத்து, காலிக் குடங்களை அதன் வளையங்களில் வைக்கத் தொடங்கினாள். நான் வருவதற்குச் சற்று முன்புதான் அந்த டிரம்மை நிரப்பியிருப்பாள், வண்டியில் இன்னும் ஈரம் இருந்தது.

"எங்கே போறே?"

"தண்ணிக்கு."

"இப்பத்தானே..." என்றேன்.

"அது சோறாக்க, குடிக்க. நாளைக்கும் சேத்து. பரவால்ல, வா."

நான் தள்ளுகிறேன் என்றேன். "வேணாம், சாச்சுப்புடுவே" என்றாள். வெறுங்கையை வீசிக்கொண்டு கூடவே நடந்தேன். தலை மணக்கிறது. குழாயடியில் பெரிய வரிசை. "யாருடி இது, இம்புட்டு வாசமா?" என்று ஒரு பெண் கேட்டார். "எங்க காலேஜுப் புள்ள. கதை சொல்லுவா" என்றாள் பேச்சி. "எங்க, ஒண்ணு சொல்லச் சொல்லு, தண்ணி வர நேரமாகும்" என்றார்கள். எத்தனை பேர் முன்னால் பேசியிருக்கிறேன். வாய் திறக்கவில்லை. எந்தக் கதையைச் சொல்வேன்? ராணியைத் தண்ணீர் சுமக்க வைத்தேனே, அந்தக் கதையையா?

மன்னிப்புக் கேட்டேன் அக்கா, கேட்காமல் இல்லை. வரிசையில் நின்றபடியே கேட்டேன். ஆனால் கேட்கும்போதே அரசாங்கம் ஏன் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு குழாய் போடவில்லை என்று போய்விட்டேன். அங்கிருந்து அரசியல் சட்டத்துக்குப் போய்விட்டேன். பேச்சி முதல் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, "அத விடு. மெத்தைநாச்சியக் கொன்னுட்டியா?" என்றாள்.

"இல்ல. உன்ன விட்டுட்டு எப்படி? நீ வரணும். அதுக்குத்தான் வந்தேன்."

"வர்றேன். நீ கதை நடத்தாதே, சாகுல் நடத்தட்டும். நீ ஆடு."

"நான் யாரா ஆடுறது?"

அவள் குடத்தை மாற்றி வைத்தாள். "மெத்தைநாச்சிக்குத் தண்ணி ஊத்த ஆளில்ல. நீதானே மன்றத்துல அந்தப் பொண்ணா எந்திரிச்சு அழகாப் பேசுனே. அவளாவே வா. ஆனா பேச வேணாம். ஊத்துனா போதும்."

பழிவாங்குகிறாள் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், அப்படித் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளுக்கு அந்தத் தொட்டிக்குள் இறங்க வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், யாரும் வந்து தட்டக் கூடாது. வேறொன்றுமில்லை. முதல் நாளிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஆமாம் என்று ஒரு சொல் அக்கா. பஸ் வரும்வரை நேரம் இருந்தது. அவள் அம்மா கடன் வாங்கிய தண்ணீரில் சோறு ஆக்கிப் போட்டார், சாப்பிட்டேன், அப்போதும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "சனிக்கிழமைக்குள்ள சொல்லு" என்றாள். என்ன யோசிப்பது? ஆயிரம் காரணம் வந்தது. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குப் பணிவிடை செய்வதுபோல் ஆடினால் அது எந்த மாதிரி முன்னுதாரணம் என்றுகூட வந்தது. அந்த டிரம்மைக் காலி செய்த கையோடு எனக்கு இது தோன்றுகிறது பாருங்கள். என்ன ஜென்மம் நான்?

இல்லை அக்கா, அழவில்லை. வெயில் கண்ணில் அடிக்கிறது.

உங்கள் ஊர் வந்துவிட்டதா? ஒரு நிமிஷம், இறங்குவதற்குள் இதைப் பாருங்கள். கமுதி தாண்டும்போதே போனில் பேச்சிக்கு 'ஆமாம்' என்று அடித்தேன். பிறகு ஏன் என்று விளக்கி நாலு வரி அடித்தேன். அழித்தேன். வேறு நாலு வரி அடித்தேன். அதையும் அழித்துவிட்டேன், இப்போது அந்த ஒரு சொல் மட்டும்தான் இருக்கிறது. நீங்களே அனுப்பிவிடுங்கள் அக்கா. இதோ, இந்த அம்புக்குறியை அழுத்தினால் போதும். கண்டக்டரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நிறுத்துவார். போன் என் கையில் இருந்தால் இன்னும் ஒரு வரி சேர்த்துவிடுவேன்.